அம்மாவின் தட்டும் என் தேக்கரண்டியும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கொழும்பில் எனக்கு உடல் எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சை செய்தார்கள். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, ஒரு சிறிய வாழைக்காய் அளவுக்குக் குழாய்போல ஒன்றை மிச்சம் வைத்தார்கள்.

2. அம்மா எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரிடமும் எனக்கு வயிற்றில் கல் எடுத்ததாகச் சொல்லிவிட்டார்.

3. அண்ணனுக்கு மொனராகலையில் பெண் எடுத்தோம். கல்யாணப் பந்தியில் நான் ஒரு குவளை பருப்புத் தண்ணியோடு உட்கார்ந்திருந்தேன்.

4. அம்மாவின் தட்டில் நான் சாப்பிட்டுவந்த இடத்தில் அண்ணி உட்கார்ந்தாள்.

5. எனக்குப் பொறாமை வந்தது.

முதல் மூன்றையும் லயத்துக்கு வெளியே கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். கடைசி இரண்டையும் ஒருவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அம்மாவின் தட்டு என்பது விளிம்பில் நீலக்கோடு போட்ட அகலமான எனாமல் தட்டு. அம்மா மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கறை படிந்த விரல்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அந்தத் தட்டில் சோற்றைக் கொட்டிக் குழம்பு ஊற்றிப் பிசைவார். தனக்கு ஒரு வாய், எனக்கு ஓர் உருண்டை. சின்னப் பிள்ளையில் ஆரம்பித்த இந்தப் பழக்கம் நான் படித்து முடித்து, பதுளையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளராக வேலைக்குச் சேர்ந்த பிறகும் நிற்கவில்லை. பகலெல்லாம் கையுறை போட்டு மற்றவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, மாலை பஸ்ஸில் வந்து இறங்கி, அம்மாவின் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்காருவேன்.

எனக்கு அது சாப்பாடு மட்டுமல்ல. அம்மா அதிகம் பேசாதவர். ஆனால் கையில் சோறு இருக்கும்வரை பேசுவார். வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை யாரை ஏசினார், எந்த மலையில் அட்டை கூடிப்போனது, யாருடைய மகள் யாரோடு, சுற்றுலாக்காரர்கள் வருகிற எல்லவுக்குப் படம் பிடிக்கப் போனாள் என்று எல்லாம் வரும். கையைக் கழுவினால் பேச்சும் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அம்மாவின் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் அந்தத் தட்டில் பங்கு இருக்க வேண்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்தப் பங்கு போய்விட்டது. முதலில் தண்ணீர் போன்றவை மட்டும், பிறகு கஞ்சி, பிறகு மசித்தவை என்று படிப்படியாகப் போக வேண்டியிருந்தது. கையால் சாப்பிட்டால் அளவு தெரியாது, தேக்கரண்டியால்தான் சாப்பிட வேண்டும் என்று பதுளை கிளினிக்கில் இருந்த போசணை ஆலோசகர் சொன்னார். ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் இடையில் கரண்டியைக் கீழே வைக்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. முட்டையோ மீனோ பருப்போ முதலில், சோறு இடமிருந்தால். விக்கல் வந்தாலோ மூக்கில் நீர் வடிந்தாலோ அதோடு நிறுத்த வேண்டும். வயிறு நிறைந்ததை என் உடம்பு இனி அப்படித்தான் சொல்லும்.

நான் விதிகளோடு பழகியவள். போனில் நேரம் வைத்து, சாஸர் அளவு தட்டில் சாப்பிட்டேன். அண்ணன் எல்லவில் ஆட்டோ ஓட்டுகிறான்; தினமும் வெள்ளைக்காரர்களைப் பார்த்து வருபவன். என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

“தள்ளு, தள்ளு. தொரச்சாணி ஸ்பூனோட வந்துட்டாங்க. பங்களாவுல இன்னைக்கி என்னா டின்னருங்க, நோனா?”

“பருப்பு,” என்பேன்.

“பருப்பு எத்தன பேருக்குங்க?”

நான் மெதுவாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா என் பக்கத்தில் வரமாட்டார். “நீ சாப்புடு புள்ள, நா பெறகு சாப்புடுறேன்” என்று அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பார். எனக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்பதற்காக என்று எடுத்துக்கொண்டேன்.

என் புதிய வயிறு எதை ஏற்கும், எதைத் தள்ளும் என்பது ஒழுங்கான கணக்குக்கு வரவில்லை. திங்கட்கிழமை இறங்கிய முட்டை வியாழக்கிழமை இறங்காது. பேக்கரிப் பாண் பஞ்சுபோல் ஊறி அடைத்துக்கொள்ளும். ரொட்டியை நினைக்கவே முடியாது. கோழி இறைச்சியில் தொடைப்பகுதி போகும், நெஞ்சுப்பகுதி போகாது. இனிப்பான தேத்தண்ணி குடித்தால் நெஞ்சு படபடத்து வியர்த்து, கொஞ்ச நேரம் படுக்க வேண்டும். இதையெல்லாம் நான் ஒரு மாதிரியைப் பரிசோதிக்கிற மனநிலையோடு பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது வாழைத்தண்டு. கல் எடுத்தவளுக்கு வாழைத்தண்டு நல்லது என்பது எங்கள் லயத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து பொரியல் வந்தது. மேல் லயத்திலிருந்து கூட்டு வந்தது. கோயிலுக்குப் பின்னால் நின்ற மரத்தையே ஒருவர் எனக்காக வெட்டினார். அத்தனை நாரையும் என் வாழைக்காய் அளவு இரைப்பை என்ன செய்யும்? வயிற்றை வெட்டியதை அம்மாவால் சொல்லவும் முடியவில்லை, வந்த கிண்ணத்தைத் திருப்பி அனுப்பவும் முடியவில்லை.

புதிதாக வந்திருந்த அண்ணிதான் அந்தக் கிண்ணங்களைக் காலி செய்தாள். அவள் என்னைவிட வயதில் சிறியவள். முறைக்கு நான் அண்ணி என்பேன். வயதுக்கு அவள் என்னை அக்கா என்பாள். ஒல்லியான உடம்பு. மொனராகலை வெயிலில் கரும்பு வெட்டப் போய்வந்த கை. எங்கள் குளிர் அவளுக்கு அகோரமாகப் பசியைக் கொடுத்தது. வாழைத்தண்டைக் கரும்பைப்போல மென்று தின்றாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “கல்லு அக்காவுக்கு, கறி எனக்கு.”

அம்மா சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்த பிறகு அம்மா சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதை நான் குறித்துக்கொண்டேன்.

ஒரு மாலை பஸ் பிந்திவிட்டது. நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தபோது அடுப்படியில் பேச்சுச் சத்தம். அம்மா பலகையில் உட்கார்ந்திருந்தார், மடியில் அந்த நீலக்கோட்டுத் தட்டு. எதிரில் அண்ணி சம்மணம் போட்டிருந்தாள். அம்மாவின் கை உருண்டையோடு அவள் வாய்வரை போனது.

“இந்தா, இது கடேசி.”

“இதத்தான் முந்தியும் சொன்னீங்க மாமி. போதும், வெடிச்சிருவேன்.”

“கொமரிப் புள்ளைக்கு ஒரு தட்டு சோத்துல வெடிக்குமா வவுறு? தொற வாய.”

கணக்கப்பிள்ளையின் கதை பாதியில் இருந்தது. என்னைக் கண்டதும் அம்மா நிறுத்திவிட்டு, “வந்துட்டியா, ஒனக்கு மீன் மசிச்சி வச்சிருக்கு” என்று எழுந்து கையைக் கழுவினார். மீதிக் கதையை நான் இன்றுவரை கேட்கவில்லை.

என் மீன் கச்சிதமாக மசிக்கப்பட்டு, முள் இல்லாமல், மூடி போட்டு இருந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அதன் பிறகு அண்ணி சாப்பிடுவதை நான் கவனிக்கத் தொடங்கினேன். ரொட்டியைக் கடித்து, வாயில் இருக்கும்போதே ஒரு மிடறு பாலில்லாத சாயத்தண்ணி இழுத்து, இரண்டையும் சேர்த்து விழுங்குவாள். என் வயிற்றில் செய்யவே முடியாத காரியம் அது. அவளுக்கு அது காரியமே இல்லை. சம்பலை விரலால் வழித்து நக்குவாள். தேத்தண்ணிக்குச் சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொள்வாள். அவள் அழகைப் பார்த்தோ புடவையைப் பார்த்தோ நான் பொறாமைப்படவில்லை. அவளுடைய தொண்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எதைப் போட்டாலும் கேள்வி கேட்காமல் உள்ளே போகிற அந்தத் தொண்டை.

எடை குறைந்தது. ஆய்வுகூடத்தில் எல்லோரும் ஆளே மாறிவிட்டாய் என்றார்கள். என் இரத்தச் சீனி அளவு நல்ல நிலைக்கு வந்திருந்ததை நானே இயந்திரத்தில் பார்த்தேன். மேல் லயத்துக்கு ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. சந்தோஷமாக இருக்க வேண்டியவள் வீட்டுக்கு வந்ததும், இன்று எத்தனை உருண்டை போயிருக்கும் என்று அண்ணியின் முகத்தைப் பார்த்தேன்.

இன்னும் மோசமான ஒன்று இருந்தது. அண்ணியின் அப்பா வரும்போதெல்லாம் எருமைத் தயிர்ச் சட்டி கொண்டுவருவார். என் வயிறு ஒருநாளும் தள்ளாமல் ஏற்றுக்கொண்ட சாப்பாடு அந்தத் தயிர்தான். அண்ணி சட்டியை அவிழ்த்ததும் தயிர் ஆடையோடு எனக்குத்தான் முதலில் எடுத்துவைப்பாள். நன்றி சொல்லிச் சாப்பிடுவேன். கரண்டியை நக்கிக்கொண்டே அவளைப் பிடிக்காமலும் இருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து பறிப்பு இல்லை, எனக்கும் வேலை இல்லை. அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார், கத்தரிக்காய் போட்டு. அண்ணன் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ ஹயருக்குப் போய்விட்டான். அம்மா தட்டை எடுத்தார். அண்ணி எதிரில் உட்கார்ந்தாள். நான் என் தேக்கரண்டியை அலுமாரியிலேயே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எனக்கும் ஒரு உருண்ட.”

அம்மா பிசைவதை நிறுத்தினார். “கிளினிக்குல அந்த அம்மா வேணான்னாங்கல்ல?”

“இப்ப சோறு சாப்பிடலாம். ஒண்ணு ஒண்ணும் செய்யாது.”

“குடுங்க மாமி, கேக்குறாங்கல்ல,” என்றாள் அண்ணி. அவள் பரிந்து பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. என் அம்மாவிடம் எனக்காக இவள் கேட்பதா?

அம்மா நெல்லிக்காய் அளவில் ஒன்றை உருட்டித் தந்தார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அம்மாவின் கையிலிருந்து வாங்கிய முதல் வாய். கருவாடும் புளியும் அம்மாவின் விரலில் எப்போதும் இருக்கிற தேயிலை வாசமும் சேர்ந்து இருந்தது. போதிய அளவு மெல்லாமல் விழுங்கினேன்.

“அண்ணிக்குக் குடுக்கிற மாதிரிப் பெருசா தாங்க.”

இரண்டாவது பெரிதாக வந்தது. அதுவும் போனது. அம்மாவின் முகம் இளகியது. “பாரு, நல்லாத்தானே சாப்புடுற” என்று சொல்லிவிட்டு, மலையில் நடந்த ஒரு சண்டையை ஆரம்பித்தார். எனக்கு ஒரு விக்கல் வந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். மூக்கின் நுனியில் ஈரமும் வந்துவிட்டது. அந்த நேரம் அம்மா அடுத்த உருண்டையை அண்ணியின் பக்கம் நீட்டினார். அவள் வாயைத் திறந்திருந்தாள். நான் குறுக்கே கையை விட்டு, அம்மாவின் விரல்களிலிருந்து அதை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன்.

“அடியே!” என்றார் அம்மா. அண்ணி திறந்த வாயோடு சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள்.

அது நெஞ்சுக்குழியில் நின்றது. நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை மடக்கி வைத்ததுபோல் வலி. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. எச்சில் மட்டும் ஊறி ஊறி நுரைத்தது. பின்பக்கக் கழிவுநீர்க் கானுக்கு ஓடினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபோது சவர்க்கார நுரைபோல வாயிலிருந்து ஒழுகிக்கொண்டே இருந்தது. அண்ணி என் முடியைப் பிடித்துக்கொண்டு முதுகை நீவினாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பரா அக்கா நிமிர்ந்தார்.

“என்னா பாப்பா, இன்னும் கல்லு இருக்கா?”

“ஒண்ணு மிச்சம் வச்சிட்டாங்களாம் அக்கா,” என்றாள் அண்ணி.

“அதான் தண்டு சாப்புட சொன்னேன். சொன்னா யாரு கேக்குறா?”

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த அசைவில்தான் அடைத்தது வெளியே வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா பின்வாசலில் நின்றிருந்தார். வலது கையில் சோறு அப்படியே ஒட்டிக் காய்ந்திருந்தது. அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளி, யாருடையதோ போல வைத்திருந்தார். என் பக்கத்தில் வரவில்லை.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும் முன்னால் தண்ணீர்ப் பீலியடியில் அண்ணி குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“மாமி நேத்து சாப்புடல அக்கா.”

“ஏன் நீங்க குடுக்கலயா?” என்றேன். கேள்வியில் இருந்த முள் அவளுக்குக் குத்தியதா என்று தெரியவில்லை.

“குடுத்தா வாங்குவாங்களா? நா கல்யாணமாகி வந்தப்பவே அப்புடித்தானே இருந்தாங்க. சோத்த போட்டு வச்சிட்டு பாத்துக்கிட்டே இருப்பாங்க. பெறகு நாய்க்கு வச்சிருவாங்க. கேட்டா, தனியா எறங்க மாட்டேங்குதுன்னாங்க. ஒங்க அண்ணன்கிட்ட சொன்னேன், அதுக்கு வாயு மாத்திர வாங்கிக் குடுத்தாரு.” குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “அதான் ஒரு நா முன்னால போயி ஒக்காந்து வாய தொறந்தேன். எங்க வீட்டுல இப்புடி ஊட்டுற பழக்கமெல்லாம் இல்ல. வெக்கமா இருந்திச்சி. மொத நாளு நா முன்னயே சாப்புட்டிருந்தேன் வேற.”

நான் பஸ்ஸுக்கு நடந்தேன். இதைக் கேட்டதும் என் பொறாமை கரைந்துபோயிருக்க வேண்டும். கரையவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அதுவரை அவள் சாப்பிடுவதைப் பார்த்துப் பொறாமை. இப்போது அவள் பார்த்துவிட்டதைப் பார்த்துப் பொறாமை. அம்மாவின் தட்டு தொடாமல் இருந்ததை நான் அல்லவா கண்டிருக்க வேண்டும்? நான் என் கரண்டியையும் போன் மணியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் கிளினிக் நாள். போசணை ஆலோசகர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி; பதுளையில் பல வருடங்கள் இருந்தும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். நடந்ததைச் சொன்னேன்.

“பசியில சாப்பிட்டனீரோ, பிள்ளை?”

“இல்ல.”

“அப்ப ஏன்?”

சொல்லலாமா என்று யோசித்தேன். “அண்ணிக்கு குடுத்ததால.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அம்மாவின்ர கை அளவில பிழையில்ல. கதைக்கிற சுகத்தில நீர் மெல்ல மறந்துபோவீர், அதுதான் பிழை. அவையள் பத்து வாய் சாப்பிடுற நேரத்தில உமக்கு ரெண்டு வாய். அவையின்ர வேகத்துக்கு நீர் ஓட ஏலாது.” பிறகு கொஞ்சம் சிரித்தார். “பொறாமை ஆருக்குத்தான் இல்ல? ஆனா அதுக்கும் சோத்துக்கும் சேர்த்து உம்மட வயித்தில இடம் காணாது.”

பஸ்ஸில் திரும்பும்போது வேகத்தைப் பற்றி யோசித்தேன். எனக்கு விளங்குகிற விஷயம் அது. இரண்டு வேலைகளில் ஒன்று மெதுவானது என்றால், மெதுவானதை முன்னால் தொடங்கினால் இரண்டும் ஒன்றாக முடியும். ஆய்வுகூடத்தில் தினமும் செய்வதுதான்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். “நா மொதல்ல சாப்பிட ஆரம்பிக்கிறேன். நா பாதியில இருக்கிறப்போ நீங்களும் அண்ணியும் தட்டோட வந்து ஒக்காருங்க. மூணு பேரும் சேர்ந்து முடிப்போம்.”

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“ஒக்காருறேன். ஆனா கையால ஒனக்கு ஒண்ணும் தர மாட்டேன்.”

“சின்னதா...”

“சின்னதா, பெருசான்னு கேக்காத. நீ அங்கன கான்கிட்ட நின்னப்ப நா என்னா நெனச்சேன்னு ஒனக்கு தெரியாது. மொதல்லயும் இந்தக் கைதான் ஒன்ன அம்மாந்தண்டி ஆக்குச்சி. இப்ப இதே கை ஒன்ன கொன்னிருக்கும்.”

“அப்பிடியெல்லாம் இல்லம்மா.”

“ஒனக்கு படிப்பு இருக்கு, இல்லன்னு சொல்லுவ. என் கைக்கு தெரியும்.”

அம்மா மறுபடி அடுப்பை ஊதினார். என்னிடம் இருந்த எந்த விளக்கமும் அந்தக் கையிடம் செல்லுபடியாகவில்லை.

இப்போதைய நிலைமை இதுதான். சோறு மூன்று நான்கு கரண்டி இறங்குகிறது, குழைவாக இருந்தால். மீன், முட்டை, தயிர் பிரச்சினையில்லை. ரொட்டி இன்னும் முடியவில்லை. பாண் ஓரத்தைச் சுட்டால் கொஞ்சம் போகிறது. இரும்புச்சத்து குறைவாக இருப்பதால் மாத்திரை எடுக்கிறேன். லயத்துக்கு நான் இன்னும் கல் எடுத்தவள். மாலையில் நான் முதலில் தொடங்குகிறேன். பாதியில் அம்மாவும் அண்ணியும் வந்து உட்காருகிறார்கள். அம்மா சாப்பிடுகிறார், பேசவும் செய்கிறார், என்னைப் பார்த்தும் பேசுகிறார். உருண்டை அண்ணிக்குத்தான் போகிறது. ஒவ்வொரு தடவை போகும்போதும் நான் பார்க்கிறேன். எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.